மூணாற்றில் மூன்று நாள்

மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர்களுக்கு மலையின் வாசனை தெரியும்; மலையைத்தான் தெரியாது. காலையில் பஜார் வீதி வழியாக அலுவலகத்துக்குப் புறப்படும்போது, பழைய பண்டகசாலைகளின் கதவிடுக்குகளிலிருந்து மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த ஒரு நெடி வந்து முகத்தில் மோதும். அவை யாவும் கிழக்கே மலைச்சரிவுகளில் விளைந்து, மூட்டைகளாகக் கட்டுண்டு, காயலோரத்துக்கு இறங்கி வந்தவை. அரபியரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கடல் கடந்து இந்தத் துறைமுகத்தைத் தேடி வந்ததும் அந்தச் சரக்குக்காகத்தான். அத்தனை தூரத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். நூற்று முப்பது கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் மலைக்கு நான் என் நாற்பத்தாறாம் வயது வரையில் போனதில்லை. இத்தனைக்கும் அது என் தகப்பனார் பிறந்த மலை.

போகாமலிருந்ததற்கு நான் மட்டும் காரணம் அல்ல. மூணாறு என்ற பேச்சு எடுத்தாலே அப்பா வேறு பேச்சுக்குப் போய்விடுவார். என் தாத்தாவும் பாட்டியும் சங்கரன்கோயில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறியவர்கள். அப்பா 1945ஆம் ஆண்டில் அங்கே ஒரு லயத்தில் பிறந்தார். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் வீடுகள். தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 1963ஆம் ஆண்டில், தோட்டத்து வழக்கப்படி வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. பேரேட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் என்றார்கள்; அத்தையின் பெயர் ஏறியது. பதினெட்டு வயது அப்பா, தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்றில் கொச்சிக்கு இறங்கி, மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் வேலையில் அமர்ந்தார். நாற்பதாண்டுக் காலம் மலையில் விளைந்ததை நிறுத்தாரேயொழிய, ஒரு நாளும் மலைக்குத் திரும்பவில்லை. "ஏன் அப்பா போகவில்லை?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "யார் வீட்டில் போய் இறங்குவது?" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நான் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை இந்தியாக்குவது என் தொழில். எங்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை என்று ஓர் ஏற்பாடு உண்டு என்பதை நேயர்களில் உத்தியோகஸ்தர்கள் அறிவார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த ஊருக்குச் சென்று திரும்பச் சர்க்கார் பயணச் செலவு கொடுக்கும். அதற்காகப் பணியில் சேரும்போதே நம் சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் சற்றும் யோசியாமல் சங்கரன்கோயில் பக்கத்து ஊரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அங்கே எங்களுக்கு ஒரு செங்கல்லும் கிடையாது. எங்களை அடையாளம் சொல்ல ஓர் ஆளும் கிடையாது. ஆயினும் தமிழனுக்குப் பூர்வீகம் என்று ஒன்று காகிதத்திலாவது இருக்க வேண்டும் அல்லவா?

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. பெருமழையில் உருண்டு வந்த மண்ணும் பாறையும் தோட்டத் தொழிலாளரின் லய வரிசைகளை உறக்கத்திலேயே மூடிவிட்டன. எழுபது உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தார். செய்திகளில் அவர்கள் ஊர் ஒரு நாள் கயத்தாறு என்று வரும். மறுநாள் மூணாறு என்று வரும். பலரை ராஜமலையிலேயே ஒரே நிலத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடிய அன்று அப்பா இரவு உணவு கொள்ளவில்லை. மறுநாள் காலையில் முதன்முதலாக அவராகவே வாய் திறந்து, "உங்கள் பாட்டியையும் இப்படித்தான் சரிவில் அடக்கம் செய்தோம். 1959ஆம் வருஷம், நல்ல மழைக்காலம். ஒரு கல்லுக்கூட வைக்கவில்லை" என்றார்.

கொள்ளை நோய்க் காலமாதலால் உடனே புறப்பட முடியவில்லை. பிறகு அப்பாவுக்குக் கண் அறுவை, என் மகளின் பொதுத் தேர்வு என்று தள்ளிப்போய், 2023ஆம் ஆண்டு மே மாதம் நாங்கள் ஐந்து பேரும், அதாவது அப்பா, நான், என் மனைவி, பதினாறு வயது மகள், பத்து வயது மகன் எல்லோருமாகக் கிளம்பினோம். பிள்ளைகளுக்கு அது உல்லாசப் பயணம். அப்பாவுக்கு அது என்ன என்று எவரும் கேட்கவில்லை.

கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன்; பேருந்துதான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். எறணாகுளத்தில் ஏறி, கோதமங்கலம் கடந்து, நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் 1935ஆம் ஆண்டில் கட்டிய வளைவுப் பாலத்தை அடைந்தோம். கொச்சிக்காரனுக்கு உண்மையில் மலை தொடங்குமிடம் அதுதான். பாலத்துக்கு மேற்கே இரப்பர், கிழக்கே காடு. இதற்கு முந்தைய ஆலுவா-மூணாறு சாலை வேறு வழியாகக் காட்டுக்குள் சென்றது. 1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் அதைக் குலைத்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் மலையாள நாட்டு முதியோர் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். சீயப்பாறை அருவி கோடையாதலால் மெலிந்து, பாறைப் படிகளில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அடிமாலிக்கு மேலே காற்று மாறியது. என் மகன் சன்னலை மூடப் போனான். அப்பா, "திறந்தே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு மூணாறு வரும் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலால் மூணாறு என்று பெயர். ஊர் சிறியது, மே மாதத்துக் கூட்டம் பெரியது. கடைத்தெருவைக் கடக்க எங்களுக்கு அரைமணி பிடித்தது. விடுதி அறையில் ஈரக் கம்பளியின் வாடை வீசியது. வாடகை மட்டும் நல்ல உலர்ந்த கணக்காக இருந்தது. இவை எல்லா மலைவாசஸ்தலங்களுக்கும் பொது, விட்டுவிடலாம்.

இரண்டாம் நாள் மற்றவர்களைப் போல நாங்களும் ஊர் பார்த்தோம். ராஜமலைக்கு வனத்துறையின் பேருந்தில் ஏற்றிச் சென்றார்கள். இரவிகுளம் தேசியப் பூங்கா என்பது அதுவே. 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 97 சதுர கிலோமீட்டர் பரப்பு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அதன் எல்லைக்குள்தான் நிற்கிறது. சாலையோரத்துப் பாறைகளில் வரையாடுகள் மனிதரைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. வரை என்றால் மலை. பழந்தமிழில் இவற்றுக்கு வருடை என்றொரு பெயரும் உண்டு. என் தொழில் புத்தி போகாமல் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் புகுந்தேன். அவர்கள் படம் எடுப்பதில் முனைந்திருந்தார்கள்.

மகள் மட்டும், "குறிஞ்சிப் பூ எங்கே அப்பா?" என்று கேட்டாள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கியிருப்பதாகப் பள்ளியில் படித்தவள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறையே பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல்தான் என்றேன். உடனே அப்பா, "நான் பார்த்தது 1958இல்" என்றார். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "ஞாயிற்றுக்கிழமை. என் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினாள். மலை பூராவும் நீலம். 'இதை நன்றாகப் பார்த்துக்கொள், அடுத்தது பூக்கும்போது உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்' என்றாள். அடுத்தது பூத்தபோது நான் மட்டாஞ்சேரியில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தேன்." அம்மா சொன்ன மறு ஆண்டு அவளே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களே கணக்குப் போட்டுக்கொண்டோம். அவருக்கு 2030இல் வயது எண்பத்தைந்து ஆகும் என்பதையும் ஒவ்வொருவரும் மனத்துக்குள் கணக்கிட்டிருக்க வேண்டும். ஏனெனில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

மாலையில் நல்லதண்ணித் தோட்டத்துத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து 1877ஆம் ஆண்டில் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்ததும், 1880இல் ஷார்ப் என்பவர் முதன்முதலில் இங்கே தேயிலை பயிரிட்டதும் அங்கே தெரிந்துகொள்ளத்தக்கவை. அப்பாவை நிறுத்தியது வேறொன்று. 1913ஆம் ஆண்டில் நாசரேத் கைத்தொழிற் பள்ளியில் செய்த கல் சூரியக் கடிகாரம் அது. "நாசரேத்து நம் ஊர்ப் பக்கம்" என்றார். பிறந்தது மூணாற்றில், பிழைத்தது கொச்சியில். 'நம் ஊர்ப் பக்கம்' என்று வாயில் வந்தது தாமிரபரணிக் கரை.

அந்த மலையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் என் மகன் நம்ப மறுத்தான். 1902ஆம் ஆண்டில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908இல் குறுகிய இருப்புப்பாதையாக மாறி, மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரையில் சென்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேரும். பெட்டிகள் இறங்கிய அந்தப் பக்கமாகத்தான் எங்கள் முன்னோர் போன்றவர்கள் கால்நடையாக ஏறினார்கள். 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயிலையும் கொண்டுபோய்விட்டது. பிறகு அது ஓடவே இல்லை.

திரும்பும் வழியில் குன்றின் மேலுள்ள ஆங்கிலேயர் தேவாலயத்தைக் கண்டோம். அதன் பின்புறச் சரிவில் ஒரு கல்லறை உண்டு. தோட்டக் கம்பெனியின் மேலாளருக்கு மனைவியாக மலைக்கு வந்து, 1894ஆம் ஆண்டு டிசம்பரில் வாந்திபேதியால் இறந்துபோன எலினார் என்ற ஆங்கில மாதினுடையது. தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910இல்தான். ஆகவே முதலில் கல்லறை வந்தது, பிறகு கோயில் வந்தது என்று ஊரார் சொல்வார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படிகளில் மெல்ல ஏறினார். கல்லில் பொறித்த எழுத்துக்களை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் படிக்க முடிகிறதே" என்றார். அதில் பொறாமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல வேலைப்பாட்டைக் கண்ட மனிதரின் வியப்பாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு ஜீப்பு அமர்த்திக்கொண்டு குண்டளைப் பக்கம் போனோம். அப்பா பிறந்த எஸ்டேட்டின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். இப்போது அங்கே வசிப்பவர்களுக்கு அதனால் எவ்விதச் சங்கடமும் நேர வேண்டாம். வழியில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் பை பொருத்திய கத்திரி இருப்பதைப் பார்த்து அப்பா திடுக்கிட்டார். "விரலால் கிள்ளவில்லையா? இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பார்களே!" என்றார். ஓட்டுநர் சிரித்து, "அதெல்லாம் போன தலைமுறை, தாத்தா" என்றார்.

லயம் அப்படியே இருந்தது. தகரக் கூரை மட்டும் புதிது. இடக்கோடியிலிருந்து நான்காவது வீடு என்று அப்பா எண்ணிக்கொண்டே சென்று ஒரு கதவின் முன் நின்றார். இருபது வயதுக்கு மேல் இராத ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். அப்பா தமிழில் பேசினார், அவள் விழித்தாள். மலையாளத்தில் கேட்டார், அதற்கும் விழித்தாள். அவளும் கணவனும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இப்போது மூணாற்றுத் தோட்டங்களில் அவ்விதம் வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் முன்வந்து இந்தியில், "இவர் என் தகப்பனார்; இந்த வீட்டில் பிறந்தவர்" என்றேன்.

இருபதாண்டுக் காலமாக மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். ஒரு வாக்கியத்தை இவ்வளவு பிசகாக ஒருநாளும் சொன்னதில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு, "நாங்கள் காலி செய்ய வேண்டுமா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அப்பா. சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் பதற்றத்தோடு அசைத்து, "ஐயையோ, இல்லை அம்மா, இல்லை. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லு, தம்பி" என்றார். 'சும்மா' என்பதற்கு இந்தியில் நெருங்கிய தொடர் ஒன்று உண்டு, அதைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எழுபத்தெட்டு வயதுக் கிழவர் இவ்வளவு தூரம் சும்மா வருவாரா என்று அவள் எண்ணியிருந்தால் அதில் தவறில்லை. பிறகு என் மனைவி ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள். குழந்தை தாவி வந்துவிட்டது. அதன் பிறகே எங்களை உள்ளே அழைத்தாள்.

ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு திண்ணை. அடுக்களைச் சுவரில் புகைக்கரி ஏறியிருந்தது. அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு, "ஓடைத் தண்ணீர் இப்போதும் வருகிறதா என்று கேள்" என்றார். கேட்டேன். குழாய் வந்துவிட்டது, கோடையில் மட்டும் ஓடைக்குப் போகிறோம் என்றாள். அவள் கொடுத்த பாலில்லாத் தேநீரை ஐவரும் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். எங்கள் பிரயாணத்தில் குடித்த தேநீர்களில் அதுவே சிறந்தது என்று என் மகள் இன்றும் சொல்வாள்.

அதற்குள் அடுத்த வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி செய்தி கேட்டு வந்துவிட்டாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "அண்ணாச்சி யாரு மகன்?" என்றாள். அப்பா தம் தாயின் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொல்லாமல் தாயின் பெயரைச் சொன்னதை நான் கவனித்தேன். மூதாட்டிக்குப் பாட்டியைத் தெரியாது. ஆனால் அத்தையைத் தெரிந்திருந்தது. "நானும் அவளும் ஒரே நிரையில கொழுந்து எடுத்தவுக" என்றாள். இப்போது அவள் மகள் பேரேட்டில் இருக்கிறாள். அதனால்தான் வீடு இருக்கிறது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களாகவே மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்து 20 சதவிகிதப் போனஸ் வாங்கிய போராட்டத்தில் அந்த மகளும் இருந்தாளாம். இதைச் சொல்லும்போது கிழவியின் முதுகு நிமிர்ந்தது.

அடக்கம் செய்யும் சரிவுக்கு அவளே வழிகாட்டினாள். தேயிலை முடிந்து புல் தொடங்கும் ஒரு மேடு. சில புதிய மேடைகளில் சிமெண்டும் பெயரும் இருந்தன. பழையவை வெறும் புல். ஒரு சில்வர் ஓக் மரத்தின் அடியில் என்று அப்பா அடையாளம் வைத்திருந்தார். அங்கே அவ்வித மரங்கள் முப்பது இருக்கும். எல்லாம் பிற்பாடு வைத்தவை. அப்பா ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போனார், திரும்பி வந்தார், கீழே லயத்தைப் பார்த்துத் திசை வைத்தார், மறுபடியும் நடந்தார். மூச்சு வாங்கியது. "மாமா, சற்று உட்காருங்கள்" என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

முடிவில் மூதாட்டிதான், "அண்ணாச்சி, எந்த இடமுன்னு தேடாதிக. எல்லாரும் இந்த மேட்டுலதான் கிடக்காக. இங்கன வைங்க" என்று ஓரிடத்தைக் காட்டினாள். அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மட்டாஞ்சேரியிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த தேங்காயையும் சூடத்தையும் எடுத்தார். அவர் அவற்றைக் கொண்டுவந்தது எங்களுக்கு அதுவரையில் தெரியாது. காற்றில் சூடம் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை என் மகள் மண்டியிட்டு இரு கைகளாலும் மறைத்துக்கொண்டாள். மகனும் தன் தொப்பியைக் கழற்றி அந்தப் பக்கம் பிடித்தான். எரிந்து முடியும் வரையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். சொந்த ஊர் என்று அறிவித்ததைப் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறை மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. அந்த விதியை எடுத்து வாசித்தேன். அங்கே உமக்குச் சொந்த வீடு உண்டா, நெருங்கிய உறவினர் வசிக்கின்றனரா, பணியில் சேருமுன் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தீரா என்பது போன்ற கேள்விகள். மூணாற்றுக்கு மூன்றுக்கும் 'இல்லை' என்றே எழுத வேண்டும். நான் முதலில் எழுதிக்கொடுத்த ஊருக்கும் மூன்றுக்கும் 'இல்லை'தான். அப்போது எவரும் துருவிக் கேட்கவில்லை, அவ்வளவே. விண்ணப்பத்தை மடித்து மேசை அறையில் வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் எறணாகுளத்திலிருந்து மூணாற்றுக்கு முதல் பேருந்து காலையில் எத்தனை மணிக்கு என்று சென்ற வாரம் என் மகளிடம் விசாரித்தாராம்.